சூரமங்கலம் போட்டோ ஸ்டூடியோ: அப்பாவுக்குப் பின்னால் இருந்த சுவர்

சேலம் சூரமங்கலத்தில் பழைய போட்டோக்களைச் சரிசெய்து கொடுக்கும் ஒரு ஸ்டூடியோவைப் பற்றி எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடட்டுமா என்று உரிமையாளரிடம் கேட்டேன். "வேண்டாங்க அக்கா. நான் ஒரே ஆளு. கூட்டம் வந்தா வேலை கெட்டுப்போயிடும். தேடி வர்றவங்க வரட்டும்" என்றார். அதனால் பெயரை எழுதவில்லை. ஜங்ஷனிலிருந்து பழைய சூரமங்கலம் பக்கம் போகும்போது, கீழே பாத்திரக்கடை, மேலே மாடியில் ஸ்டூடியோ. படிக்கட்டு குறுகலாக இருக்கும். "போட்டோக்காரத் தம்பி" என்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஜங்ஷன் யார்டில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. அப்போது எங்கள் ஜங்ஷன் பாலக்காடு கோட்டத்தில் இருந்தது. அப்பாவின் லீவு, இன்கிரிமென்ட், டிரான்ஸ்பர் எல்லாவற்றுக்கும் கோட்ட ஆபீஸ் இருந்த ஒலவக்கோட்டிலிருந்துதான் காகிதம் வரும். சின்ன வயதில் ஒலவக்கோடு என்றால் நம் தலையெழுத்தை எழுதுகிற ஊர் என்று நினைத்திருந்தேன். 2007 நவம்பரில் சேலத்துக்கென்று தனிக் கோட்டம் வந்தபோது அப்பா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இப்போது அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்று வேண்டும் என்றுதான் இந்தக் கடைக்குப் போனேன்.

அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் மொத்தமே ஒன்றுதான். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மா இடுப்பில் நான். அண்ணன் அரை டிராயரில், சைக்கிள் ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்தபடி. காலனிக்கு கேமராவோடு வந்த யாரோ ஒருவர் எடுத்தது. எங்கள் வீட்டில் ஒரு பிரதி, ஜாகீர் அம்மாபாளையத்தில் சித்தி வீட்டில் ஒரு பிரதி.

எங்கள் வீட்டுப் பிரதி மூன்று வருஷத்துக்கு முன்னால் பாழானது. அப்பா திதிக்காக அதைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். அந்தக் கடை எது என்பது இங்கே முக்கியமில்லை. திரும்பி வந்த படத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரு பூந்தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். சைக்கிள் இல்லை. அண்ணன் இல்லை. அப்பாவின் கன்னம் மெழுகு போல வழவழவென்று இருந்தது. ஒரிஜினலைக் கேட்டேன். ஓரமெல்லாம் கிழிந்திருந்ததால் வெட்டிவிட்டோம் என்று இடுப்புக்கு மேலே மட்டும் இருக்கிற ஒரு துண்டைக் கொடுத்தார்கள். வெட்டிய மீதி குப்பையில் போய்விட்டது. அம்மா அப்போது உயிரோடு இருந்தார். பெரிய படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். அந்தப் படத்தை நாங்கள் மாட்டவே இல்லை.

மிச்சம் இருந்தது சித்தி வீட்டுப் பிரதி. ஐம்பது வருஷமாகச் சுவரில் மாட்டியிருந்த படம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஓதம் காக்கும். எடுத்துப் பார்த்தால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூலையைக் கத்தியால் நெம்பிப் பார்க்கலாம் என்று சித்தி பையன் சொன்னான். நல்லவேளை, சித்தி விடவில்லை. சட்டத்தோடு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

மாடியில் ஒரே நீளமான அறை. ஒரு பக்கம் கம்ப்யூட்டர், இன்னொரு பக்கம் கறுப்புத் திரை போட்ட மேஜை. மூலையில் அவருடைய அப்பா காலத்துப் பெரிய மரக்கேமரா ஒன்று நிற்கிறது. அலமாரியில் ஊட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த 'இந்து' போட்டோ பேப்பர் பெட்டி ஒன்று பிரிக்காமலே இருக்கிறது. 1960-ல் மத்திய அரசு ஊட்டியில் தொடங்கிய ஃபிலிம் கம்பெனி அது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் எத்தனையோ கல்யாணமும் காதுகுத்தும் அந்தப் பேப்பரில்தான் பிரிண்ட் ஆகியிருக்கும். இப்போது கம்பெனியே இல்லை. "அப்பா கடைசியா வாங்கி வச்ச பெட்டி அது. பிரிக்க மனசு வரல" என்றார் தம்பி.

சட்டத்தைப் பிரித்ததும் அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்தார். படத்தில் எங்கெங்கே கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டவில்லை என்று வெளிச்சமும் நிழலுமாகத் தெரிந்தது. அம்மாவின் புடவைத் தலைப்பு, என் கால், சைக்கிளின் முன்சக்கரம் மூன்றும் ஒட்டியிருந்தன. போட்டோ பேப்பரின் மேலே இருப்பது ஜெலட்டின் பூச்சு. ஓதம் பட்டால் ஊறிப் பிசின் மாதிரி ஆகிவிடும். காய்ந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் உருவம் கண்ணாடியில் தங்கிவிடும், வெள்ளைக் காகிதம்தான் கையில் வரும். "இதைப் பிரிக்கவே கூடாதுங்க. கண்ணாடி வழியாவே எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

படத்தின் கறுப்புப் பகுதிகளில், ஓரங்களில், நீலமும் வெள்ளையுமாக ஒரு மினுமினுப்பு ஏறியிருந்தது. பூஞ்சையா என்று கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"அக்கா, கொலுசு போட்டிருக்கீங்களே, அது கறுக்குதா இல்லையா?"

"கறுக்கும்."

"அதேதாங்க இது. கறுப்பு வெள்ளைப் படத்துல உருவமே வெள்ளிதான். காத்து பட்டு, ஓதம் பட்டு, அந்த வெள்ளி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு மேல வந்து படிஞ்சுடும். சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில வேலை செய்றவங்களுக்குச் சொன்னா உடனே புரிஞ்சுக்குவாங்க."

சேலத்துக்காரிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. என் சித்தப்பாவே பனங்காட்டில் கொலுசுக்குப் பத்தவைக்கும் வேலை பார்த்தவர்தான். அப்பா அம்மாவின் உருவமும் அதே வெள்ளியில்தான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது என்று கேட்டபோது மனம் என்னவோ செய்தது.

பிறகு கறுப்புத் திரைக்குள் வேலை. படத்தைக் கண்ணாடியோடு மேஜையில் படுக்க வைத்து, மேலே ஸ்டாண்டில் கேமரா, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு. கண்ணாடியில் பளபளப்பு விழாமல் இருக்க விளக்கின் முன்னும் லென்ஸின் முன்னும் ஒரு ஃபில்டர் வைத்தார். கேமராவைக்கூடக் கறுப்புத் துணியால் மூடி, லென்ஸ் மட்டும் வெளியே தெரியும்படி வைத்தார். இல்லையென்றால் கேமராவின் நிழலே கண்ணாடியில் விழுந்து படத்தில் வந்துவிடுமாம். அந்த இருபது நிமிஷமும் ஃபேனைக்கூடப் போடவில்லை. இரண்டு பேரும் வேர்த்து நின்றோம்.

கம்ப்யூட்டரில் படம் பெரிதாக வந்ததும் அவர் ஒரு நோட்டை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இதற்காகத்தான் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மற்ற இடங்களில் "சரிங்க, ரெடி பண்ணிடறோம்" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். இவர் கேட்டது இதெல்லாம்: அம்மாவின் புடவைக்கரை என்ன நிறம் என்று ஞாபகம் இருக்கிறதா, அப்பா சட்டைப் பையில் இருப்பது பேனாவா விசிலா, உங்கள் கன்னத்தில் இருப்பது திருஷ்டிப் பொட்டா இல்லை படத்தில் விழுந்த கறையா. கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்பா முகத்துல அம்மை வடு இருக்குங்க. எடுக்கட்டுங்களா, விடட்டுங்களா?"

அப்பாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை போட்டிருந்தது. மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் குழிக்குழியாக இருக்கும். நான் கைக்குழந்தையாக இருக்கும்போது அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்ப்பேனாம். 1977-ல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். என் பிள்ளைகள் அந்த வடு உள்ள முகத்தைத் தாத்தாவிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். முன்பு கெடுத்த கடை யாரையும் கேட்காமல் வழித்து எடுத்தது அதைத்தான். அம்மாவுக்கு அடையாளம் தெரியாமல் போனதற்கும் அதுதான் காரணம். "விடுங்க தம்பி. ஒண்ணுகூட எடுக்காதீங்க" என்றேன். நோட்டில் 'வடு விடவும்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"சரி. பின்னாடி இருக்கிற சுவரு?"

"சுவருக்கு என்ன?"

"அதுல எழுத்து இருக்குங்க."

வீட்டில் அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்திருப்போம். சுவரில் எழுத்து இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. படம் உள்ளங்கை அளவுதான். சுவர் என்றால் மங்கலாக ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான். அவர் பெரிதாக்கி, வெளிச்சத்தை ஏற்றி இறக்கிக் காட்டியபோது, அப்பாவின் தோளுக்கும் அம்மாவின் தலைக்கும் நடுவில் தாரால் எழுதிய பட்டையான எழுத்துகள் எழும்பி வந்தன. 'லத்துக்கு இரும்பா'. அதற்கு மேல் அம்மாவின் தலை மறைத்துவிட்டது.

சேலத்துக்கு இரும்பாலை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் கடையில் பூந்தோட்டம் போட்டு மறைத்தது இந்தச் சுவரைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் வரச் சொன்னார். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும் அவர் கடையில் வியாபாரம் கிடையாது. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் நாலைந்து பேர் டீ குடிக்க வருவார்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாகப் போட்டுக் காட்டுவார். எந்த இடம், எந்த வருஷம், யார் வீடு என்று அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வார். நான் போன அன்று யார்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் இருந்தார். எண்பது தாண்டியவர். படத்தைப் பார்த்ததும் அப்பாவின் பெயரைச் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது அறுபத்தேழு கண்ணு. அண்ணா முதலமைச்சரா வந்த வருஷம். எழுச்சி நாள்னு வச்சாங்க. சேலத்துக்கு இரும்பாலை வேணும், தூத்துக்குடிக்குத் துறைமுகம் வேணும்னு. அப்ப இந்தச் சுவரு, அந்தச் சுவரு, ஒண்ணு விடல. ராத்திரியில தார் டின்னோட போவாங்க."

1970-ல் இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். 1981-ல் ஆலை ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு இரும்பாலை ரோடு என்று சொல்லிச் சொல்லி அது வெறும் பஸ் ரூட் பெயராகிவிட்டது. ஒரு காலத்தில் அது எங்கள் ஊர் கேட்டு வாங்கிய பொருள். கேட்ட எழுத்துக்கு முன்னால் எங்கள் குடும்பம் நின்றிருக்கிறது. அப்பா அதை மறைக்காமல் நின்றாரா, தற்செயலா என்று தெரிந்துகொள்ள இனி வழியில்லை. படம் அறுபத்தேழிலேயே எடுத்ததா, எழுத்து அடுத்த வருஷமும் அழியாமல் இருந்து அப்போது எடுத்ததா என்று பெரியவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. நான் இடுப்பில் இருக்கிற அளவைப் பார்த்தால் 1968 தொடக்கமாக இருக்கும் என்று நான் சொன்னேன். தம்பி இரண்டையும் எழுதிக்கொண்டார், '1967 இறுதி அல்லது 1968 தொடக்கம்' என்று. ஒருவர் சொன்னதை அடித்துவிட்டு இன்னொருவர் சொன்னதை எழுதும் பழக்கம் அவரிடம் இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

சுவர் எங்கே இருந்தது என்பதில்தான் பெரிய வாக்குவாதம். ரயில்வே காம்பவுண்ட் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பக்கம்? புளியமரத்தை வைத்து ஒருவர் ஒரு இடம் சொன்னார், மரமே அப்போது இல்லை என்றார் இன்னொருவர். தம்பி பேசாமல் படத்தின் மேல்பகுதியைக் காட்டினார். சுவருக்கு மேலே மலை தெரிகிறது. தூரத்தில் சேர்வராயன் மலையின் முதுகு, அதற்கு முன்னால் நகரமலை, இரண்டுக்கும் கீழே இடது பக்கம் வெள்ளையாக ஒரு மேடு. அது வெள்ளைக்கல் தோண்டி எடுத்துக் கொட்டிய குவியல். மாக்னசைட் என்று புத்தகத்தில் போடுவார்கள். எங்களுக்கு அது வெள்ளைக்கல்தான், சுரங்கம் பர்ன் கம்பெனிதான்.

"சுவரு போயிடும், மரம் போயிடும், மலை போகாதுங்க" என்றார். அதுதான் அவருடைய கணக்கு. தூரத்து மலை எங்கிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். பக்கத்து மலை, நாம் நூறு இருநூறு தப்படி தள்ளிப் போனால், தூரத்து மலையின் மேல் கொஞ்சம் நகர்ந்தது போலத் தெரியும். படத்தில் நகரமலையின் சரிவு சேர்வராயனின் எந்தப் பள்ளத்தில் போய் முட்டுகிறதோ, அதே மாதிரி முட்டுகிற இடத்தில் போய் நின்றால் கேமராக்காரர் நின்ற இடம் அதுதான்.

மறுநாள் காலை ஆறரைக்கு, வெயில் ஏறி மலை மங்குவதற்கு முன்னால், அவருடைய மொபெட்டில் அவரும் என் ஸ்கூட்டரில் நானுமாகப் போனோம். கையில் படத்தின் ஒரு பிரிண்ட். ஜங்ஷன் பக்கத்து ரோட்டில் பத்தடிக்கு ஒரு தரம் நிறுத்தி, படத்தை நீட்டிப் பிடித்து, மலையோடு வைத்துப் பார்த்தார். பாதி இடங்களில் மாடிக்கட்டடம் மறைத்தது. ஓர் இடத்தில், இப்போது டூவீலர்கள் நிறுத்துகிற ஒரு திடலில், மலைக்கோடும் படக்கோடும் சேர்ந்தன. நகரமலையின் சரிவு சரியாக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. வெள்ளை மேடு மட்டும் இப்போது மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. "இங்கதாங்க அப்பா நின்னாங்க" என்று தரையைக் காட்டினார். சிமெண்ட் தளம். ஒரு ஆக்டிவாவின் நிழல் விழுந்திருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

இதற்கு அவர் காசு வாங்கவில்லை. அவருக்கும் அந்த இடம் தெரிய வேண்டியிருந்தது. காரணம், அலமாரியில் இருக்கிற நான்கு அட்டைப் பெட்டிகள். வேலைக்கு வருகிற படங்களில் ஊர் தெரிகிற படமாக இருந்தால், வீட்டுக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் ஒரு பிரதி எடுத்து, தெருவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். முகம் வெளியே போக வேண்டாம் என்று சொன்னவர்கள் படத்தில் முகத்தை மங்கலாக்கித் தனிப் பிரிண்ட் போட்டிருக்கிறார். ஒரிஜினல் யாருடையதையும் அவர் வைத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு எனக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். மதியம் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு கல்யாணக் காரின் படம். காருக்குப் பின்னால் ஐந்து ரோடு சந்திப்பு. மேம்பாலம் இல்லாத ஐந்து ரோடு! 2020-ல் ஈரடுக்குப் பாலம் திறந்த பிறகு பிறந்த குழந்தைகளிடம் அங்கிருந்து ஏற்காடு மலை தெரியும் என்று சொன்னால் நம்புவார்களா? இந்தப் படத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்கு மேலே மலை முழுசாகத் தெரிகிறது. இன்னொன்று, ஒரு பள்ளிக்கூடப் பையன் பரிசுக் கோப்பையோடு நிற்கிற படம். பின்னால் 'சூரமங்கலம் நகராட்சி' என்று பெயர்ப் பலகை. 1994-ல் சேலம் மாநகராட்சி ஆனபோது எங்கள் நகராட்சி அதில் சேர்ந்துவிட்டது. இப்போது நாங்கள் ஒரு மண்டலம். அதற்கு முன்னால் சூரமங்கலம் தனி ஊர். டவுனுக்குப் போவதை "சேலத்துக்குப் போறேன்" என்றுதான் என் அம்மா கடைசிவரை சொன்னார். அந்தப் பேச்சுக்குச் சாட்சி அந்தப் பலகை.

ரயில்வே ரிட்டயர்மென்ட் குரூப் போட்டோக்கள் மட்டும் ஒரு பெட்டி. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி: நடுவில் மாலையோடு ரிட்டயர் ஆகிறவர், பக்கத்தில் கூச்சத்தோடு மனைவி, பின்னால் தொப்பியும் கொடியுமாக ஆட்கள். ஆனால் பின்னணியைப் பாருங்கள். ஒரு படத்தில் பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் அகலமான தண்டவாளம், மறுபக்கம் ஒடுக்கமான மீட்டர் கேஜ். சென்னையிலிருந்து கோழிக்கோடு போகிற வண்டி அகலப்பாதையில். விருத்தாசலம் வண்டியும் பெங்களூர் வண்டியும் மீட்டர் கேஜில். இரண்டு பாதைக்கும் நடுவில் மூட்டையைத் தலையில் வைத்து வேகன் மாற்றுகிற ஆட்கள். 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் பாதை போட்டபோது சேலம் டவுனுக்குள் வராமல் இந்தப் பக்கமாகப் போனது. அந்த ஸ்டேஷனைச் சுற்றித்தான் எங்கள் சூரமங்கலம் வளர்ந்தது. மீட்டர் கேஜ் போனபோது வேகன் மாற்றுகிற வேலையும் போனது. அந்த வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் இந்தத் தெருக்களில் குடியிருந்தார்கள் என்பதைப் படங்களை வைத்துத் தம்பி வீட்டு எண்ணோடு சொல்கிறார்.

ஒரே ஒரு படம் சூரமங்கலத்தில் எடுத்ததில்லை. எங்கள் பக்கத்துத் தச்சர் ஒருவர் அரண்மனைத் தூணில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிற தூண். ஏற்காடு ரோட்டில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் செட் போடப் போனவர். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படத்தைக்கூட அங்கேதான் தயாரித்தார்கள். இப்போது அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது நுழைவு வளைவு. தச்சரின் பேத்திதான் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாராம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகட்டும். முதல் குறை, தாமதம். மூன்று வாரம் என்று சொன்னார், ஐந்து வாரம் ஆனது. நடுவில் நான்கு தடவை போன் செய்தேன், இரண்டு தடவைதான் எடுத்தார். திதிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் படம் கைக்கு வந்தது. அந்த ஒரு வாரம் நான் பட்ட பதற்றம் கொஞ்சமில்லை. தேதி முக்கியம் என்றால் இரண்டு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, படிக்கட்டு. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. முட்டிவலி உள்ளவர்கள் ஏற முடியாது. கீழே பாத்திரக்கடையில் சொன்னால் அவரே இறங்கி வந்து வாங்கிக்கொள்வார். மூன்றாவது, கலர் படங்கள். என் பூப்பு நன்னீராட்டு விழாப் படங்கள் 1980-ல் கலரில் எடுத்தவை. எல்லாம் சிவந்துபோய்விட்டன. கலர் பேப்பரில் இருப்பது வெள்ளி இல்லை, சாயம். அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிட்டால் படம் முழுக்கச் சிவப்பேறிவிடும். அவர் சரிசெய்து கொடுத்ததில் முகம் இயல்பாக வந்தது. பட்டுப்பாவாடையின் நிறம் வரவில்லை. அது மாம்பழ மஞ்சள். அவர் கொடுத்ததில் பழுப்பாக இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் அவருக்கு இருக்கிற கை கலரில் இல்லை என்பது என் முடிவு. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஏற்றித் தரச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுகிறார். அம்மாவின் புடவை நிறம் எனக்கு ஞாபகம் இல்லாதபோது அவர் எப்படிப் போடுவார், சரிதானே.

செலவு: கண்ணாடியோடு ஒட்டிய படத்தைக் கேமராவில் எடுத்துச் சரிசெய்ததற்கு 900 ரூபாய். அந்தப் படத்துக்கு 12-க்கு 15 அளவில் தனியாக இரண்டு பிரிண்ட், ஒன்று 350 வீதம் 700. மற்ற ஒன்பது படங்களை ஸ்கேன் செய்ய ஒன்றுக்கு 50, ஆக 450. மொத்தம் 2,050. அட்வான்ஸ் 500. எல்லாப் படங்களையும் பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தார், சரிசெய்யாத அசல் ஒன்று, சரிசெய்தது ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு. கேட்காமலே அப்படிக் கொடுத்த கடையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பிரிண்ட்டின் பின்பக்கம் பென்சிலில் ஊர், இடம், வருஷம், படத்தில் இருப்பவர்கள் பெயர் எல்லாம் எழுதித் தருகிறார். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் அழுந்தி முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். வீட்டில் எழுதுகிறவர்களும் பென்சிலாலேயே எழுதுங்கள்.

கொண்டுபோகிறவர்களுக்கு அவர் என்னிடம் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். சட்டத்தில் இருக்கிற படத்தை வீட்டில் பிரிக்காதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, பசை அட்டையில் ஒட்டுகிற ஆல்பம் எண்பதுகளில் எல்லார் வீட்டிலும் வாங்கினோமே, அதிலிருந்து படத்தை இழுக்காதீர்கள், ஆல்பத்தோடு கொடுங்கள். பழைய படத்தை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. செவ்வாய் விடுமுறை. மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை சாத்தியிருக்கும்.

திதி அன்றைக்குப் படத்தைக் கூடத்தில் வைத்துப் பூப்போட்டோம். திருப்பூரிலிருந்து வந்த அண்ணன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி பக்கத்தில் போய், அப்பாவின் கன்னத்து வடுவைக் கண்ணாடிக்கு மேலே தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமாவேதான்" என்றார்.

ஜங்ஷன் பக்கத்து அந்த ரயில்வே சுவருக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் சூரமங்கலத்திலோ ஜாகீர் அம்மாபாளையத்திலோ மாமாங்கத்திலோ யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து தம்பியிடம் ஒரு தடவை காட்டுங்கள். எங்கள் படத்தில் 'இரும்பா' வரைக்கும்தான் இருக்கிறது. அம்மாவின் தலைக்கு வலது பக்கம் இன்னும் ஐந்தாறு எழுத்து இருக்க வேண்டும், கீழே எழுதியவர்கள் பெயரோ தேதியோ இருந்திருக்கும் என்று பெரியவர் சொல்கிறார். நான்காவது பெட்டியில் எங்கள் படத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார்.